அமெரிக்கக் கல்லூரியில் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி: சேர நினைக்கும் புதிய மாணவர்களுக்கு

அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு விடுதி அறை, சாப்பாடு, பாடத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுகிறார்கள். ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி என்று பேச்சு வந்தால் மட்டும் நம் வீடுகளில் இரண்டே பதில்தான். "அதெல்லாம் குடிக்கிற கூட்டம், அந்தப் பக்கமே போகாதே" என்பது ஒன்று. "சேர்ந்துகொள், பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்கும், நாளைக்கு வேலைக்கு உதவும்" என்பது மற்றொன்று. இரண்டுக்குமே ஆதாரம் காட்டலாம். ஆனால் 18 வயதில் புது ஊரில் நிற்கும் பிள்ளை இவற்றை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது.

எனக்கு இந்த அமைப்புகள் மீது வெறுப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. கடல் கடந்து வந்த இடத்தில் காய்ச்சலென்று படுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் வெளியே வந்து, அதை வீட்டில்கூடச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது: சேருவதற்கு முன்பு யார் வாய்விட்டுக் கேள்வி கேட்டார்கள் என்பதில். அவர்கள் உங்களைப் பார்த்து முடிவு செய்வது ஒரு வாரத்தில். நீங்கள் அவர்களோடு இருக்கப் போவது மூன்று, நான்கு ஆண்டுகள். ஆகவே விசாரணை அதிகம் உங்கள் பக்கத்திலிருந்துதான் நடக்க வேண்டும். எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இவை என்ன, ஏன் இத்தனை வகை

ஃப்ரட்டர்னிட்டி ஆண்களுக்கு, சொராரிட்டி பெண்களுக்கு. இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு, உறுப்பினர்கள் கட்டும் பணத்தில் நடக்கும் தனியார் சங்கங்கள் இவை. நாட்டுக்கு ஒரு தலைமையகம் இருக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைக்குச் சாப்டர் என்று பெயர். கல்லூரியின் அங்கீகாரம் இருந்தாலும் சாப்டர் கல்லூரியின் துறை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த முதல் சங்கம். இன்று அது படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாகிவிட்டது. இப்போது நாம் காணும் வகை 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் பிறந்த கப்பா ஆல்ஃபாவிலிருந்து வருகிறது. பெண்களுக்கான சங்கம் 1851-இல் ஜார்ஜியாவின் மேகன் நகரில், வெஸ்லியன் கல்லூரியில் தொடங்கியது. அதுதான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. யாரையெல்லாம் இந்தச் சங்கங்கள் வாசலிலேயே நிறுத்தினவோ அவர்களெல்லாம் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். யூத மாணவர்கள் 1898-இல் ஜீட்டா பீட்டா டாவ், கறுப்பின மாணவர்கள் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று வரிசை நீளுகிறது. 1990-களில் தெற்காசிய மாணவர்களின் முறை வந்தது.

படி 1: உங்கள் கல்லூரியில் உண்டா, எப்போது நடக்கிறது

எல்லாக் கல்லூரியிலும் இது இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்திலும் நாட்டர்டேமிலும் கிடையாது. வில்லியம்ஸ் கல்லூரி 1962-இலேயே கைவிட முடிவு செய்துவிட்டது. இருக்கும் இடங்களிலும் காலம் மாறும். அலபாமா பல்கலைக்கழகத்தில் சொராரிட்டிச் சேர்க்கை ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விடுதியில் பெட்டியை வைத்த கையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வாண்டர்பில்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன்றவற்றில் முதலாண்டு மாணவர்கள் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

கல்லூரியின் இணையதளத்தில் கிரீக் லைஃப் என்றோ, ஃப்ரட்டர்னிட்டி அண்ட் சொராரிட்டி லைஃப் என்றோ ஓர் அலுவலகம் இருக்கும். அங்கீகாரம் பெற்ற சாப்டர்களின் பட்டியல், சேர்க்கைத் தேதி, குறைந்தபட்ச மதிப்பெண் எல்லாம் அங்கேதான். பல சாப்டர்கள் 4.0-க்கு 2.5 அல்லது அதற்கு மேல் ஜிபிஏ கேட்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ பள்ளி முடித்தவர்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே 4.0 கணக்குக்கு மாற்றிப் படிவத்தில் எழுத வேண்டாம். எப்படிக் குறிப்பிடுவது என்று அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

எம்.எஸ். படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு, விருந்து, சகோதரத்துவம் என்று இயங்கும் சமூக வகைச் சங்கங்கள் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கு மட்டுமே. உங்களுக்கு வழி தொழில்சார் சங்கங்களிலும் சேவைச் சங்கங்களிலும் இருக்கிறது.

படி 2: எந்த வகை உங்களுக்கு

பெரிய வீடும் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களும் கொண்ட சொராரிட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் 1902-இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின் கீழ் வருகின்றன. ஆண்களின் ஃப்ரட்டர்னிட்டிகளுக்குக் கல்லூரி அளவில் ஐ.எஃப்.சி. என்ற மன்றம் உண்டு. டிக்டாக்கில் ஒரே நிற உடையில் ஆடிப் பாடும் பெண்களைப் பார்த்திருப்பீர்களே, அது முதல் வகை.

கறுப்பின மாணவர்கள் உருவாக்கிய ஒன்பது அமைப்புகளைத் தெய்வீக ஒன்பது என்ற பொருளில் டிவைன் நைன் என்பார்கள். அவற்றின் கூட்டமைப்பு 1930-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. சென்னைக் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இவற்றில் ஒன்று, 1908-இல் தொடங்கியது. விதிப்படி எந்த இனத்தவரும் இவற்றில் சேரலாம். ஆனால் அங்கே போகிறவர் அந்த மக்களின் போராட்ட வரலாற்றைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அவர்களின் சமூகச் சேவைகளில் முன்கூட்டியே கலந்துகொண்டிருக்க வேண்டும். உறுப்பினராகும் முன் அவர்களின் எழுத்துகளை அணிவதும், கூவலையும் கைச்சைகையையும் போலச் செய்து காட்டுவதும் பெரிய அவமரியாதை. இங்கே சேர்க்கை வாரம் என்று ஒன்று இருக்காது. தகவல் கூட்டம் நடக்கும், பிறகு விண்ணப்பம், நேர்காணல் என்று அமைதியாகப் போகும். பட்டம் வாங்கிய பிறகு சேரவும் பட்டதாரிக் கிளைகள் உண்டு.

தெற்காசியச் சங்கங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வளாகத்துக்கு வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். பெண்களுக்கு 1992-இல் பெர்க்லியில் தொடங்கிய டெல்டா ஃபை பீட்டா, 1998-இல் ஆஸ்டினின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கப்பா ஃபை காமா. ஆண்களுக்கு 1994-இல் பிங்கம்டனில் தொடங்கிய ஐயோட்டா நூ டெல்டா, 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிக்மா பீட்டா ரோ, 1998-இல் அதே ஆஸ்டினில் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை. சிறிய குழுக்கள், பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, அதனாலேயே செலவு குறைவு. தீபாவளிக்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இங்கே பேச்சும் நடனமும் பெரும்பாலும் வட இந்தியப் பழக்கத்தில் போகும். தமிழ்ப் பிள்ளை அங்கும் தன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டிவரலாம். அதைச் சுமையாக எடுத்துக்கொள்ளாதவர்கள் நன்றாகப் பொருந்திப்போகிறார்கள்.

நான் பொறியியல் மாணவர்களுக்கு முதலில் சொல்வது தொழில்சார் சங்கங்களைத்தான். 1904-இல் மினசோட்டாவில் பிறந்த தீட்டா டாவ் பொறியியலுக்கு. அதே 1904-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா சை வணிகத்துக்கு. இவற்றில் ஆணும் பெண்ணும் சேரலாம். பொறியியல் பெண்களுக்கென்றே 1983-இல் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஒமேகா எப்சிலானும், 1984-இல் பர்டூவில் ஃபை சிக்மா ரோவும் தொடங்கின. சேவைக்கு 1925-இல் லஃபாயெட் கல்லூரியில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா. "வேலைக்கு உதவும்" என்ற எண்ணத்தோடுதான் சேருகிறீர்கள் என்றால், அந்த உதவி இங்கே நேராகக் கிடைக்கும்.

படி 3: பணம்

விளம்பரத்தில் வருவது செமஸ்டர் கட்டணம். வீட்டுக்கு வரும் பில் வேறு. முதல் ஆண்டில் புது உறுப்பினர் கட்டணம், சேர்க்கைச் சடங்குக் கட்டணம், உறுப்பினர் பதக்கத்தின் விலை என்று ஒருமுறைச் செலவுகள் சேரும். சாப்டரின் வீட்டில் தங்காதவர்களும் அந்த வீட்டைப் பயன்படுத்துவதற்காகத் தனிக் கட்டணம் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு. வீட்டுச் சமையலில் வாரத்துக்கு இத்தனை வேளை என்று கட்டாயச் சாப்பாட்டுக் கட்டணம் வரும். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டு. நிகழ்ச்சிக்கு ஒரு டி-சர்ட் என்று அலமாரி நிரம்பும். மூத்தவர் இளையவருக்குத் தரும் பரிசுக் கூடை எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் உங்கள் முறை வரும்போது கையைக் கடிக்கும்.

வீடில்லாத சிறு சங்கங்களில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரோடு முடியலாம். தென் மாநிலங்களின் பெரிய சொராரிட்டிகளில் ஆயிரங்களில் போகும். இரண்டாம் ஆண்டில் ஒரு வருடம் கட்டாயம் வீட்டில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. அது தனியாகக் கையெழுத்துப் போடும் வாடகை ஒப்பந்தம். விடுதியும் கல்லூரி உணவுத் திட்டமும் சேர்ந்து ஆகும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில ஊர்களில் சாப்டர் வீடு மலிவாகவே வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையலறையைப் பற்றியும் இப்போதே விசாரித்துவிடுங்கள். கட்டாயமாகப் பணம் வாங்கிக்கொண்டு தினமும் சாலட்டை மட்டும் நீட்டினால் யாருக்குச் சரிப்படும்?

கேட்க வேண்டியவை நான்கு: முதல் ஆண்டு முழுவதற்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு, தவணையில் கட்டலாமா, உதவித்தொகை உண்டா, செமஸ்டர் நடுவில் விலகினால் மீதி திரும்பி வருமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி உதவித்தொகை இந்தச் செலவுக்கும் வரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல், நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பிறகு வீட்டில் பேசுங்கள். "அம்மா, ஒரு கிளப்ல சேரப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பில்லை அனுப்பினால் சண்டைதான் வரும். "அம்மா, முதல் வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு ஆகும், பார்ட்டி எங்க நடக்கும், குடிக்க வேண்டாம்னு நான் சொன்னா விட்டுடுவாங்களான்னு விசாரிச்சிட்டேன், அப்பாகிட்டயும் பேசிட்டுச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டும் பிள்ளையோடு எந்தப் பெற்றோரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

படி 4: பெயரை வைத்து விசாரிப்பது

இப்போது மாணவர் கையில் நல்ல ஆயுதம் ஒன்று வந்திருக்கிறது. ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தானது. புதியவர்களைச் சித்திரவதை செய்ததாக (இதுதான் ஹேஸிங்) நிரூபணமான அமைப்பின் பெயரையும், என்ன நடந்தது என்பதையும், கல்லூரி என்ன நடவடிக்கை எடுத்தது என்பதையும் கல்லூரிகள் இனி வெளிப்படையான அறிக்கையாக வெளியிட வேண்டும். கல்லூரி இணையதளத்தில் ஹேஸிங் டிரான்ஸ்பரன்ஸி ரிப்போர்ட் என்று தேடி, உங்கள் மனதில் உள்ள சாப்டரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைமையகத்தின் நற்பெயரை நம்பி ஏமாற வேண்டாம். ஒரே கிரேக்கப் பெயரில் ஒரு கல்லூரியில் தங்கமான பிள்ளைகளும் இன்னொரு கல்லூரியில் அதற்கு நேர்மாறானவர்களும் இருப்பார்கள்.

அங்கீகாரம் ரத்தான பிறகும் வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்து அதே பெயரில் ஆள் சேர்க்கும் குழுக்கள் உண்டு. "கல்லூரியோட எங்களுக்கு ஒத்துவரல, அதான் வெளிய வந்துட்டோம்" என்பார்கள். அவர்களிடம் போகாதீர்கள். அங்கே எது நடந்தாலும் தட்டிக்கேட்க ஆள் இல்லை.

நிறத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2013-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழான கிரிம்சன் வைட், கறுப்பினப் பெண்களைச் சொராரிட்டிகள் சேர்க்க விடாமல் முன்னாள் மாணவிகள் தடுத்ததை உள்ளே இருந்த உறுப்பினர்களின் வாயாலேயே வெளிக்கொண்டுவந்தது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், பல்கலைக்கழகம் தலையிட்டது, கதவு திறந்தது. 50 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. நீங்கள் போகும் வீட்டின் சுவரில் தொங்கும் ஆண்டுவாரிக் குழுப் படங்களைப் பாருங்கள். கடைசி ஐந்தாறு ஆண்டுப் படங்களில் உங்களைப் போன்ற முகம் ஒன்றுகூட இல்லையென்றால் அதற்கான காரணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: சொராரிட்டி வாரம்

கோடையிலேயே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். புகைப்படம், மதிப்பெண், பள்ளியில் செய்தவை, பதிவுக் கட்டணம். முன்பெல்லாம் முன்னாள் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் உள்ளே போக முடியாத இடங்கள் உண்டு. அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்த பெண்களுக்குத் தனிச் சலுகையும் உண்டு. 2020-க்குப் பிறகு பல அமைப்புகள் இரண்டையும் தளர்த்திவிட்டன. நம் வீட்டுப் பெண்களுக்கு இது நல்ல மாற்றம். உங்கள் இன்ஸ்டாகிராமைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அதற்காக வேறொரு ஆளாக மாறி எதையும் போட வேண்டாம்.

உங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக ஒரு மூத்த மாணவி வருவார். பை கை, ரோ காமா என்று ஊருக்கு ஒரு பெயர். தான் எந்தச் சொராரிட்டி என்பதை அந்த வாரம் முழுக்க மறைத்து வைத்துக்கொண்டு, நடுநிலையாக உங்களுக்கு உதவுவதுதான் அவர் வேலை. அழுகை வந்தால் அவரிடம் அழலாம், குழப்பம் வந்தால் அவரிடம் கேட்கலாம்.

முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போவீர்கள். கதவு திறக்கும், பாட்டு காதைப் பிளக்கும், ஒருவர் உங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார், பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து மாற்றிக்கொள்வார். அன்று மாலை உங்கள் விருப்ப வரிசையைப் பதிய வேண்டும். வீடுகளும் தங்கள் வரிசையைக் கொடுக்கும். இரண்டையும் கணினி பொருத்திப் பார்த்து, மறுநாள் நீங்கள் போக வேண்டிய குறைந்த எண்ணிக்கையிலான வீடுகளின் பட்டியலைத் தரும். சுற்றுக்குச் சுற்று பட்டியல் சுருங்கும். மிகவும் பிடித்த வீடு இரண்டாம் நாளே பட்டியலில் இல்லாமல் போவது பலருக்கும் நடக்கும். வீட்டுக்கு இத்தனை பேர்தான் என்று அளவு இருப்பதால் வரும் கணக்கு அது. மூன்று நிமிடப் பேச்சில் உங்கள் குணத்தை யாரும் எடைபோட்டுவிடவில்லை.

உடை பற்றி எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். முதல் நாள் கல்லூரி கொடுக்கும் டி-சர்ட், போகப் போகக் கோடை உடை, கடைசிச் சுற்றுக்குச் சற்று விசேஷமான உடை. முழங்காலுக்குக் கீழே வரும் உடைதான் உங்களுக்கு வசதி என்றால் அதையே போடுங்கள். ஆகஸ்ட் மாத அலபாமா வெயில் மதுரை வெயிலுக்குக் குறைந்ததில்லை. நடந்து பழகிய செருப்பு, தண்ணீர், கொறிக்க ஏதாவது, வியர்வை துடைக்கத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் உங்கள் பெயர் தடுக்கும். சுருக்கிக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்பார்கள். நிறுத்தி, மெதுவாக, இரண்டு தடவை சொல்லிக் கொடுங்கள். அந்தப் பொறுமைக்கு மதிப்புக் கொடுத்து முயன்று பார்க்கிறவர் யார் என்று கவனித்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு இங்கே என்ன பிடிக்கும்" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். அதை விட்டுவிட்டு, "போன செமஸ்டரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த வீட்டில் என்ன நடந்தது?", "போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்?", "ஒரு பெண்ணுக்குப் பணம் கட்ட முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பதில் இவற்றுக்குக் கிடையாது. சடங்கில் மத உறுதிமொழி ஏதாவது உண்டா என்றும் கேட்கலாம். சடங்கின் விவரம் ரகசியம் என்றாலும், இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தர அவர்களால் முடியும்.

கடைசிச் சுற்று ப்ரெஃபரன்ஸ். அதிகபட்சம் இரண்டு வீடுகள். விளக்கை மங்கலாக்கி, கண்ணீரோடு பேசி, மனதைக் கரைத்துவிடுவார்கள். அது முடிந்த கையோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். அதில் நீங்கள் பட்டியலிட்ட வீடு உங்களை அழைத்து, நீங்கள் வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் பான்ஹெலனிக் மாநாட்டின் அமைப்புகளில் வேறு எதிலும் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை சேர முடியாது. ஆகவே போக மனமில்லாத வீட்டை வரிசையில் எழுதாதீர்கள். அதே நேரம், இரண்டில் எதுவானாலும் சரி என்று மனம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. கையெழுத்துப் போடும் முன் வழிகாட்டியிடம் எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம்.

படி 6: ஃப்ரட்டர்னிட்டி ரஷ்

ரஷ் என்றால் பையன்களின் சேர்க்கைக் காலம். அதில் இவ்வளவு சடங்கு இல்லை. ஐ.எஃப்.சி.-யில் பதிந்துகொண்டு, ஒன்றிரண்டு வாரம் வீடு வீடாகப் போய், கூடைப்பந்து ஆடி, பார்பிக்யூ சாப்பிட்டுப் பேச வேண்டியதுதான். பிடித்தவர்களை அழைத்து வைக்கும் விருந்து பிறகு வரும். கடைசியில் ஒரு சீட்டோ கைகுலுக்கலோ அழைப்பாக வரும். பல இடங்களில் ரஷ் நிகழ்ச்சிகளில் மது கூடாது என்பது விதி. அந்த விதியை உங்கள் கண்ணெதிரே மீறுகிற வீடு மற்ற விதிகளை எப்படி நடத்தும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். நண்பன் போகிறான் என்று ஒரே வீட்டில் உட்கார்ந்துவிடாமல் ஐந்தாறு வீடாவது பாருங்கள். சமையலறையையும் குளியலறையையும் எட்டிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு யாராவது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பான்ஹெலனிக் சொராரிட்டிகளின் வீடுகளில் பெரும்பாலும் மது அனுமதி இல்லை. அதனால் விருந்துகள் ஃப்ரட்டர்னிட்டி வீடுகளில் நடக்கின்றன; கதவும் பானமும் ஆண்கள் கையில். இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பெண்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்தே திரும்பி வாருங்கள். குவளையைக் கையை விட்டு வைக்காதீர்கள். திரும்பி வர வண்டிக்கு வழி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அமெரிக்காவில் குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். போலி அடையாள அட்டை குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். உடன் படிக்கும் அமெரிக்கப் பையனுக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டாக முடியலாம். சாப்டர் வீட்டில் பாத்திரம் கழுவுவது போன்ற சம்பள வேலை கிடைத்தாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியார் வீட்டு வேலை வளாக வேலை என்ற கணக்கில் வராமல் போகலாம்.

படி 7: புது உறுப்பினர் காலம், ஹேஸிங்

அழைப்பை ஏற்ற நாளிலிருந்து சேர்க்கைச் சடங்கு வரை உள்ள சில வாரங்களில் நீங்கள் புது உறுப்பினர். பழைய பேச்சில் ப்ளெட்ஜ். வாரக் கூட்டம், அமைப்பின் வரலாறு, நூலகத்தில் கட்டாயப் படிப்பு நேரம், தொண்டு நிகழ்ச்சிகள், உங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவோ அண்ணனோ. வாரத்தில் பல மணி நேரம் போகும். முதல் செமஸ்டரில் கணிதமும் இயற்பியலும் நிரலாக்கமும் சேர்த்து எடுக்கிற பிள்ளை ஜனவரி வரை காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

நமக்கு ராகிங் தெரியும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997-இல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுபவை. ஹேஸிங் அதே கொடுமைதான். ஒரு கூடுதல் சிக்கல், இங்கே புதியவன் தானே விரும்பிச் சேர வந்தவன் என்பதால் "பிடிக்காட்டி போயிடலாமே" என்று சொல்லியே வாயை அடைத்துவிடுவார்கள். பல மாநிலச் சட்டங்களில் "அவன் சம்மதித்தான்" என்பது தப்பிக்கும் வாதமாக ஏற்கப்படுவதில்லை.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பீட்டா தீட்டா பை வீட்டில் புதியவர்களை அடுத்தடுத்துக் குடிக்க வைத்தார்கள். திமதி பியாட்சா என்ற மாணவர் மாடிப்படியிலிருந்து விழுந்து அடிபட்டுக் கிடந்தார். உதவிக்கு அழைத்தது மறுநாள் காலையில். அவர் இறந்தார். அடுத்த ஆண்டு பென்சில்வேனியா அவர் பெயரிலேயே ஹேஸிங் தடைச் சட்டம் இயற்றியது. சிறிய, நம் இனத்தவர் நடத்தும் சங்கங்களில் இது நடக்காது என்றும் நம்ப வேண்டாம். 2013-இல் நியூயார்க்கின் பாருக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டியான பை டெல்டா சை பென்சில்வேனியாவில் நடத்திய சடங்கில் கண்ணைக் கட்டித் தாக்கப்பட்டு இறந்தார். 2018-இல் நீதிமன்றம் அந்த அமைப்பைப் பென்சில்வேனியாவிலிருந்தே 10 ஆண்டுகளுக்குத் தடைசெய்தது.

எது சடங்கு, எது ஹேஸிங் என்று பிரிக்க நான் பிள்ளைகளிடம் சொல்வது மூன்று கேள்விகள். இதை கிரீக் லைஃப் அலுவலரின் முன்னால் செய்வார்களா? மாட்டேன் என்றால் மதிப்புக் குறையாமல் இருக்க விடுவார்களா? மூத்தவர்களும் கூடவே செய்கிறார்களா, அல்லது நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? தூங்க விடாதது, மூத்தவர் துணியைத் துவைக்க வைப்பது, கைபேசியைப் பிடுங்கி வைப்பது, நள்ளிரவில் எங்கோ கூட்டிப் போவது எல்லாம் சிறியதாகத்தான் தொடங்கும். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். யாராவது குடித்து மயங்கி எழுப்பினாலும் எழாவிட்டால் 911 அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள். உதவிக்கு அழைத்தவரைத் தண்டிக்காமல் விடும் மருத்துவ மன்னிப்பு விதி பல மாநிலங்களிலும் கல்லூரிகளிலும் உண்டு. உங்கள் கல்லூரியில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதல் வாரமே படித்து வையுங்கள்.

அழைப்பு வராவிட்டால்

செமஸ்டர் நடுவிலும் இடம் மீதமுள்ள சொராரிட்டிகள் நேரடியாக ஆள் சேர்க்கும். இதற்குத் தொடர் சேர்க்கை என்று பெயர், ஆர்ப்பாட்டம் இல்லாதது, நிதானமாகப் பேசலாம். தெற்காசியச் சங்கங்களும் தொழில்சார் சங்கங்களும் வசந்த செமஸ்டரிலும் சேர்க்கும். தோழி சேர்ந்துவிட்டாள், நான் மட்டும் வெளியே என்ற வலி உண்மையானது. அன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். வீட்டுக்குப் பேசுங்கள், கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் போகவும் கூச்சப்பட வேண்டாம்.

சேர்ந்த பிறகு விலக வேண்டுமென்றால்

சடங்குக்கு முன்பு விலகுவது எளிது. ஒரு மின்னஞ்சல் போதும், அதுவரை வந்த கட்டணத்தைத் தீர்த்துவிட்டு வந்துவிடலாம். சடங்கு முடிந்துவிட்டால், பான்ஹெலனிக் சொராரிட்டிகளில் ஓர் அமைப்பின் உறுப்பினர் வாழ்நாளில் மற்ற அமைப்புகளில் எதிலும் சேர முடியாது, கல்லூரி மாறினாலும் இதே விதிதான். அதனால் சந்தேகம் இருந்தால் சடங்குக்கு முந்தைய வாரமே கடைசி வாய்ப்பு. விலகல் கடிதத்தைச் சாப்டர் தலைவருக்கும் தலைமையகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் இருந்தால் உறுப்பினர் பதவி போனாலும் அது தானாகப் போகாது. அதை முடிக்கத் தனியாக எழுத வேண்டும். கணக்கு முடிந்தது என்று அவர்கள் எழுத்தில் தரும் வரை பழைய ரசீதுகள் எதையும் அழிக்காதீர்கள்.